வாசற்படியில் உட்கார்ந்தவர்கள்

(புனித வாரத்தில் வானொலியில் வழங்கப்பட்ட மறையுரை)



குருத்து ஞாயிறு முடிந்துவிட்டது. வீட்டுக் கதவில் நாம் செருகிவைத்த குருத்தோலை இன்னும் முழுதாகக் காயவில்லை. பெரிய வியாழனை நோக்கி நடந்துகொண்டிருக்கிறோம். இந்த நாள்களில் நம் காதில் அடிக்கடி விழும் சொல் 'பாஸ்கா'. பாஸ்காத் திரி என்கிறோம், பாஸ்கா மறைபொருள் என்கிறோம், ஊர்த் திடலில் இரவு முழுதும் விழித்திருந்து பார்க்கும் நாடகத்தையும் பாஸ்கா என்றே அழைக்கிறோம். இவ்வளவு பழகிப்போன இந்தச் சொல் நமக்கு இன்னொரு வீட்டிலிருந்து வந்தது. அந்த வீட்டுக்காரர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் இன்றும் அந்த விழாவைக் கொண்டாடுகிறார்கள். பெரும்பாலான ஆண்டுகளில் அவர்களுடைய பாஸ்காவும் நம் உயிர்ப்புப் பெருவிழாவும் சில நாள் இடைவெளியில் வந்துவிடும். யூத நாள்காட்டியில் ஒரு மாதம் கூடுதலாகச் சேரும் சில ஆண்டுகளில் மட்டும் அது தள்ளிப்போகும்.

யூதர்கள் என்றதும் நமக்கு விவிலியம்தான் நினைவுக்கு வருகிறது. மோசே, தாவீது, பரிசேயர், தலைமைக் குரு கயபா. இயேசுவின் காலத்தோடு அவர்கள் கதை முடிந்துவிட்டதுபோலப் பேசிவிடுகிறோம். ஆகவே இன்று எருசலேமுக்குப் போகாமல், நமக்குப் பக்கத்தில் இருக்கும் ஓர் ஊருக்குப் போவோம். சென்னையிலிருந்து ஓர் இரவு ரயில் பயணம், கொச்சி. அங்கே மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டப்பட்ட ஒரு யூதத் தொழுகைக்கூடம் இன்றும் நிற்கிறது. கொச்சி யூதர்கள் தங்கள் பாஸ்காவை எப்படிக் கொண்டாடினார்கள், அந்தத் தொழுகைக்கூடத்தின் வாசற்படியில் என்ன நடந்தது என்பதை இந்த வாரத்தில் நாம் அறிந்துகொள்வது நல்லது.

பொங்கலுக்கு வெள்ளையடித்துப் பழகியவர்களுக்கு நாம் சொல்லப்போவது எளிதாகவே புரியும். ஆனால் கொச்சி யூதப் பெண்கள் பாஸ்காவுக்குச் செய்த வேலையின் முன்னால் நம் பொங்கல் வேலை ஒன்றுமில்லை. டிசம்பர் வாக்கில் வரும் அனுக்கா என்னும் விளக்குத் திருவிழா முடிந்ததுமே பாஸ்கா வேலையைத் தொடங்கிவிடுவார்கள். அரிசியை முறத்தில் பரப்பி ஒவ்வொரு மணியாகப் பார்த்துப் பொறுக்குவார்கள். மிளகு, மல்லி, மஞ்சள் எல்லாம் தனியாக வாங்கி, கழுவி, காயவைத்து, இடித்து, வேறு எதுவும் படாத இடத்தில் எடுத்துவைப்பார்கள். வீட்டுச் சுவர்களுக்கு வெள்ளையடிப்பார்கள். கிணற்றை இறைத்துத் தூர் எடுப்பார்கள். அந்த எட்டு நாளுக்கென்றே தனிப் பாத்திரங்கள் உண்டு. மற்ற நாளில் அவற்றை யாரும் தொடமாட்டார்கள். கடையில் விற்கும் மது அவர்களுக்கு ஆகாது. உலர்ந்த திராட்சையை ஊறவைத்துப் பிழிந்து தாங்களே செய்துகொண்ட சாறுதான் அவர்களுடைய கிண்ணத்தில் இருந்தது.

இவ்வளவும் எதற்கு? புளிப்பு வீட்டில் இருக்கக்கூடாது என்பதற்காக. எகிப்தைவிட்டு அவசரமாகப் புறப்பட்டபோது மாவு புளிக்க நேரமில்லை என்று விடுதலைப் பயண நூல் சொல்கிறது. அந்த அவசரத்தை மறக்காதிருக்க, அந்த நாள்களில் புளித்த எதுவும் வீட்டில் இருக்கக்கூடாது என்று சட்டம். புளிப்பற்ற அப்பம் சுடுவதற்கு, மாவில் தண்ணீர் பட்டதிலிருந்து 18 நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும் என்று பிற்கால ரபிகள் கணக்கு வகுத்தார்கள். விழாவுக்கு முந்தைய இரவு, மெழுகுதிரியை ஏற்றிக்கொண்டு, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, மூலை முடுக்கெல்லாம் ரொட்டித் துணுக்கு ஏதும் கிடக்கிறதா என்று தேடுவார்கள். காலையில் கிடைத்ததை எரித்துவிடுவார்கள்.

இதில் நம்மைத் தொடும் ஒரு செய்தி உண்டு. கேரளத்தின் சீரோ மலபார் குடும்பங்களிலும் பிற சிரியக் கிறிஸ்தவக் குடும்பங்களிலும் பெரிய வியாழன் இரவில் 'பெசஹா அப்பம்' செய்கிறார்கள். அரிசியும் உளுந்தும் அரைத்துப் புளிக்கவிடாமல் அவித்து, மேலே குருத்தோலைச் சிலுவை வைப்பார்கள். குடும்பத்தில் மூத்தவர் செபம் சொல்லி, அப்பத்தை அறுத்து, வெல்லமும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் காய்ச்சிய பாலோடு ஒவ்வொருவருக்கும் கொடுப்பார். 'பெசஹா' என்ற சொல்லும் 'பெசாக்' என்ற எபிரேயச் சொல்லும் ஒன்றே. அந்த ஆண்டு சாவு நேர்ந்த வீட்டில் அப்பம் செய்யமாட்டார்கள். அக்கம்பக்கத்தார் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். எத்தனையோ மறையுரைகள் சொல்லமுடியாததை இந்தப் பழக்கம் சொல்லிவிடுகிறது என்றே நமக்குத் தோன்றுகிறது.

சரி, யூத வீட்டுக்குத் திரும்புவோம். பாஸ்கா இரவு வருகிறது. மேசையில் புளிப்பற்ற அப்பம், கசப்புக் கீரை, பழமும் பருப்பும் சேர்ந்த ஒரு இனிப்புக் கலவை. அடிமைகளாக இருந்தபோது செங்கல் அடுக்கப் பிசைந்த சேற்றுக்கு அந்தக் கலவை அடையாளம். கொச்சியில் பேரீச்சம்பழப் பாகில் இதைச் செய்தார்கள். அடிமைத்தனத்தின் சேற்றை இனிப்பாகச் செய்து பிள்ளைகளுக்குக் கொடுப்பதை எந்த அம்மா முதலில் யோசித்தாரோ!

உணவுக்கு முன் வீட்டின் கடைக்குட்டி எழுந்து, மற்ற இரவுகளைப்போல் இந்த இரவு ஏன் இல்லை என்று கேட்க வேண்டும். அந்தப் பிள்ளை கேட்ட பிறகுதான் பெரியவர் கதையைத் தொடங்குவார். 'ஹகதா' என்னும் நூலைப் பார்த்து அவர் சொல்லும் பதிலின் தொடக்கம் கவனிக்கத்தக்கது. நம் மூதாதையர் எகிப்தில் அடிமைகளாக இருந்தார்கள் என்று அவர் சொல்வதில்லை. நாங்கள் அடிமைகளாக இருந்தோம் என்று தன்மைப் பன்மையில் சொல்கிறார். சொல்பவருக்குச் சொந்த வீடு இருக்கலாம், கடை இருக்கலாம், வேலையாள்கள் இருக்கலாம். அன்றிரவு அவர் அடிமையாக இருந்தவர். ஒவ்வொரு தலைமுறையிலும் ஒவ்வொருவரும் தாமே எகிப்திலிருந்து வெளியே வந்தவராகத் தம்மைக் கருதவேண்டும் என்பது அந்த இரவின் கட்டளை.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லவேண்டும். எகிப்தின் மேல் வந்த பத்து வாதைகளைச் சொல்லும்போது, ஒவ்வொரு வாதைக்கும் கிண்ணத்திலிருந்து ஒரு துளியை எடுத்துவிடுவது பல யூதக் குடும்பங்களில் வழக்கம். எதிரியே ஆனாலும் அவன் துன்பத்தில் நம் மகிழ்ச்சிக் கிண்ணம் நிறைந்திருக்கக்கூடாது என்று அதற்கு விளக்கம் சொல்வார்கள்.

இப்படி ஒரு விழாவைக் கைக்கொண்ட மக்கள் யார்? மலபார்க் கரையில் யூதர்கள் மிகப் பழங்காலந்தொட்டே வாழ்ந்தார்கள். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மர், யோசேப்பு ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு உரிமைகள் வழங்கிய செப்பேடு நம் பழைய வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டது. 1492-இல் ஸ்பெயின் நாட்டின் கத்தோலிக்க அரசர்கள் யூதர்களை வெளியேற்றினார்கள். அப்படி விரட்டப்பட்ட குடும்பங்களில் சில, பல நாடுகள் அலைந்து கொச்சிக்கும் வந்து சேர்ந்தன. அவர்களையும் அவர்களுக்குப் பின் வந்தவர்களையும் 'பரதேசி யூதர்' என்று அழைத்தார்கள். கொச்சி மன்னர் தம் அரண்மனைக்குப் பக்கத்திலேயே அவர்களுக்கு இடம் கொடுத்தார். அங்கே எழுந்ததுதான் நாம் சொன்ன தொழுகைக்கூடம். 1662-இல் டச்சுக்காரர்களுக்கு உதவினார்கள் என்று சொல்லிப் போர்த்துக்கீசியர் அதைத் தாக்கிச் சேதப்படுத்தினார்கள். தாக்கியவர்கள் நம்மைப்போலத் திருமுழுக்குப் பெற்றவர்கள்.  இதையும் அறிந்துகொண்டே மேலே போவோம்.

நேயர்களே, அந்தத் தொழுகைக்கூடத்தின் வாசலுக்கு இப்போது வருகிறோம்.

பரதேசி யூதர் சமூகத்தில் 'மெஷுஹ்ராரிம்' என்று ஒரு பிரிவினர் இருந்தார்கள். 'விடுவிக்கப்பட்டவர்கள்' என்பது இந்த எபிரேயச் சொல்லின் பொருள். ஒரு காலத்தில் யூத வீடுகளில் அடிமைகளாக இருந்து, யூத மறையை ஏற்று, முறைப்படி விடுதலை பெற்றவர்களும் அவர்கள் வழிவந்தவர்களும்தான் இவர்கள். யூத எசமானருக்கும் அடிமைப் பெண்ணுக்கும் பிறந்தவர்களின் வழியினரும் இவர்களில் உண்டு. இவர்கள் அதே கடவுளை வழிபட்டார்கள், அதே சட்டத்தைக் கடைப்பிடித்தார்கள், அதே அரிசியை மணி மணியாகப் பொறுக்கினார்கள். ஆனால் தொழுகைக்கூடத்தில் இவர்களுக்குப் பெஞ்சில் இடம் இல்லை. முன்கூடத்தில் தரையிலோ வாசற்படியிலோ உட்கார வேண்டும். திருச்சட்டச் சுருளை வாசிக்க மற்றவர்களைப்போல் இவர்களை அழைக்கமாட்டார்கள். பெண் கொடுக்கவோ எடுக்கவோ மாட்டார்கள்.

கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். பாஸ்கா இரவில் உள்ளே பெஞ்சில் உட்கார்பவர் தம் வீட்டு மேசையில், நாங்கள் அடிமைகளாக இருந்தோம் என்கிறார். அடுத்த தெருவில், வாசற்படியில் உட்கார்பவரும் தம் வீட்டு மேசையில் அதையே சொல்கிறார். முதலாமவர் அதை மூவாயிரம் ஆண்டுக்கு முந்திய கதையாகச் சொல்கிறார். இரண்டாமவருக்கு அது பாட்டனின் பாட்டன் கதை. எபிரேயர் எகிப்தியருக்கு அடிமையாக இருந்த கதை மட்டும் அல்ல அது. தம் மறைச் சகோதரர் வீட்டிலேயே தம் முன்னோர் அடிமையாக இருந்த கதை.

இந்தப் பழக்கம் யூத மறையிலிருந்து வந்ததா? இல்லை. வந்த ஊரின் வழக்கத்தைப் பார்த்து, யார் மேலே யார் கீழே என்ற கணக்கை அவர்களும் கற்றுக்கொண்டார்கள். பரதேசி யூதர் தங்களை 'வெள்ளை யூதர்' என்றும், அவர்களுக்கு நெடுங்காலம் முன்பே அங்கு வேரூன்றியிருந்த மலபார் யூதர்களைக் 'கறுப்பு யூதர்' என்றும் பிரித்தார்கள். கொச்சியைச் சுற்றி மட்டாஞ்சேரி, எர்ணாகுளம், பறவூர், சேந்தமங்கலம், மாளா ஆகிய ஊர்களில் மொத்தம் எட்டுத் தொழுகைக்கூடங்கள். அவற்றில் ஏழு மலபார் யூதர்களுடையவை, ஒன்று பரதேசிகளுடையது. விரட்டப்பட்டு வந்தவர்களே இன்னொருவரைப் படியில் உட்காரவைத்தார்கள் என்பதைச் சொல்ல நமக்கு மகிழ்ச்சி இல்லை. மனிதர் எங்கிருந்து தப்பி வந்தாலும் இந்த நோய் தொற்றிக்கொள்ளும் என்பதற்காகவே சொல்கிறோம்.

அந்த 'விடுவிக்கப்பட்டவர்கள்' குடும்பத்தில் 1882-இல் ஆபிரகாம் பாரக் சேலம் பிறந்தார். பெயரைக் கேட்டு நம் சேலம் மாவட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். 'சலோம்', அதாவது அமைதி என்ற சொல்லோடு உறவுள்ள பெயர் அது. சென்னையில் சட்டம் படித்து எர்ணாகுளத்தில் வழக்கறிஞராக இருந்தார். 1925 முதல் கொச்சி அரசின் சட்டசபையில் உறுப்பினராக அமர்ந்தார். 1929-இல் லாகூரில் நடந்த காங்கிரஸ் மாநாட்டுக்குப் போய்வந்தார். அரசின் அவையில் அவருக்கு நாற்காலி உண்டு. கடவுளின் வீட்டில் அவருக்கு வாசற்படி.

அப்போது வைக்கத்தில், கோவிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காக மக்கள் போராடி முடித்திருந்தார்கள். நம் ஈரோட்டிலிருந்து பெரியார் போய்ச் சிறைப்பட்டது அங்கேதான். சேலமும் காந்தியடிகளின் அந்த வழியையே எடுத்துக்கொண்டார். கல் எறியவில்லை, கதவை உடைக்கவில்லை. சில காலம் தொழுகைக்கூடத்தைப் புறக்கணித்தார். பிறகு திரும்பி வந்து, தமக்கும் தம் பிள்ளைகளுக்கும் தம் மக்களுக்கும் உள்ளே இடம் கேட்டார். மீண்டும் மீண்டும் கேட்டார். 'யூத காந்தி' என்ற பெயர் அவருக்கு வந்தது. ஒரே நாளில் எதுவும் மாறவில்லை. ஒவ்வொரு தடையாக, ஆண்டுக்கணக்கில், விலகியது. பெஞ்சில் உட்கார்ந்தார்கள். திருச்சட்டத்தை வாசிக்க அழைக்கப்பட்டார்கள். பின்னாளில் அவருடைய மகனே பரதேசிக் குடும்பம் ஒன்றில் பெண் எடுத்தார். அதுவும் எதிர்ப்பில்லாமல் நடந்ததல்ல. 1967-இல் சேலம் இறந்தார்.

அதே பிரிவில் 1912-இல் பிறந்த ரூபி டேனியல் என்ற பெண்மணியையும் நாம் அறிய வேண்டும். எர்ணாகுளத்தில் நம் அருள்சகோதரிகள் நடத்தும் புனித தெரேசா பள்ளியில் படித்தவர். இரண்டாம் உலகப் போரின்போது இந்தியக் கடற்படையில் பணியாற்றினார். 1951-இல் இஸ்ரயேலுக்குக் குடிபெயர்ந்து, கூட்டுப்பண்ணை ஒன்றில் வாழ்ந்தார். கொச்சி யூதப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக நோட்டுப் புத்தகங்களில் எழுதிவைத்துப் பாடிய மலையாளப் பாடல்களை முதுமையில் மொழிபெயர்த்துக் காப்பாற்றினார். 1995-இல் வெளிவந்த அவருடைய நினைவுநூலில் விழாக்களும் பாட்டி சொன்ன கதைகளும் பாசத்தோடு வருகின்றன. தம் மக்களை ஒதுக்கிவைத்ததும் மறைக்கப்படாமல் வருகிறது. தம் மறையை அவர் வெறுக்கவில்லை, தம் மறையின் பெயரால் நடந்ததை மூடிவைக்கவும் இல்லை. இப்படிப்பட்ட நேர்மையை நாம் நம் வீட்டுப் பெரியவர்களிடம் அபூர்வமாகவே பார்த்திருக்கிறோம்.

இங்கே ஒரு நேயர் கேட்கலாம்: சாமி, யூதர்கள் கதையைச் சொல்லி நம்மை எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று. வேறெங்கும் இல்லை, வடக்கன்குளத்துக்குத்தான். நெல்லைச் சீமையில் உள்ள அந்தப் பழைய பங்கில், 19-ஆம் நூற்றாண்டில், இரண்டு கைகள்போல் பிரிந்த ஒரு கோவிலைக் கட்டினார்கள். ஒரு சாதியார் ஒரு கையில், மற்றவர்கள் மறு கையில். நடுவே சுவர். பீடம் மட்டும் ஒன்று. குருவானவர் பீடத்தில் நின்று பார்த்தால் இரு பக்கமும் தெரியும். மக்களுக்கு ஒருவரையொருவர் தெரியாது. 1910-இல் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. அதற்காகக் கலகமும் வழக்கும் வந்தன.

சுவர் போயிற்று. ஆனால் இன்றும் சில பங்குகளில் கல்லறைத் தோட்டம் இரண்டாக இருக்கிறது. சில ஊர்களில் திருவிழாத் தேர் ஒரு தெருவரை வந்து திரும்பிவிடுகிறது. திருவிழா வரி ஒரு பகுதியாரிடம் வாங்குவதில்லை. வாங்கினால் மரியாதையும் கொடுக்க வேண்டி வருமே! 2003 நவம்பரில் நம் தமிழக ஆயர்கள் உரோமைக்குச் சென்றபோது, புனித இரண்டாம் யோவான் பவுல் அவர்களிடம் இதைப் பற்றி நேரடியாகவே பேசினார். கிறிஸ்தவர்களுக்குள் சாதியின் பெயரால் காட்டும் பாகுபாடு உண்மையான மனித ஒற்றுமைக்கு எதிரானது என்று எச்சரித்தார். அந்த உரையை நம் பங்குகளில் எத்தனை பேர் கேட்டார்கள்?

இந்த வியாழன் மாலையில் நாம் கேட்கப்போகும் வாசகங்களை இந்தக் கண்ணோடு பாருங்கள். முதல் வாசகம் விடுதலைப் பயணம் 12-ஆம் அதிகாரம். ஆட்டுக்குட்டியைத் தெரிந்தெடுப்பது, இரத்தத்தை நிலைக்கதவுகளில் பூசுவது, இடுப்பைக் கட்டிக்கொண்டு அவசரமாக உண்பது எல்லாம் வரும். ஒரு குடும்பம் சிறியதாக இருந்தால் அண்டை வீட்டாரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றும் வரும். வாசகம் 14-ஆம் வசனத்தோடு முடிகிறது. அதே அதிகாரத்தைத் தொடர்ந்து வாசித்தால், 44-ஆம் வசனத்தில், விலைக்கு வாங்கப்பட்ட அடிமையும் விருத்தசேதனம் பெற்றபின் பாஸ்காவை உண்ணலாம் என்று சட்டம் சொல்கிறது. 49-ஆம் வசனத்தில், நாட்டில் பிறந்தவருக்கும் உங்களிடையே தங்கும் அந்நியருக்கும் சட்டம் ஒன்றே என்கிறது. ஆகவே, சேலம் கேட்டது புதுமை எதுவும் இல்லை. பாஸ்கா பிறந்த அதிகாரத்திலேயே அவருடைய இடம் எழுதப்பட்டிருந்தது.

இரண்டாம் வாசகம் நமக்கு இன்னும் நெருக்கமானது. கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகம், 11-ஆம் அதிகாரம், 23 முதல் 26 வரை. ஆண்டவர் காட்டிக்கொடுக்கப்பட்ட இரவில் அப்பத்தை எடுத்தார் என்று பவுல் சொல்வதை நாம் ஆண்டுதோறும் கேட்கிறோம். நற்கருணை ஏற்படுத்தப்பட்டதைப் பற்றி எழுத்தில் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய சான்று இதுவே. ஆனால் பவுல் இதை ஏன் எழுதினார்? நற்கருணையைப் பற்றி மறைக்கல்வி நடத்துவதற்கு மட்டும் அவர் எழுதவில்லை. கொரிந்துத் திருச்சபையில் ஆண்டவரின் விருந்துக்குக் கூடும்போது, வசதியுள்ளவர்கள் தாங்கள் கொண்டுவந்ததை முன்னதாகவே உண்டு முடித்துவிடுகிறார்கள். ஒருவர் பசியாய் இருக்க இன்னொருவர் குடிவெறியில் இருக்கிறார். ஏழைகளுக்கும், வேலை முடிந்து பிந்தி வரும் அடிமைகளுக்கும் அங்கே என்ன மிஞ்சியிருக்கும்? இல்லாதவர்களை நீங்கள் வெட்கப்படுத்துகிறீர்கள் என்று பவுல் கோபப்படுகிறார். நீங்கள் உண்பது ஆண்டவரின் விருந்தே இல்லை என்றுகூடச் சொல்லிவிடுகிறார். அந்தக் கோபத்தின் நடுவில்தான், ஆண்டவர் அன்று செய்ததை நினைவூட்டுகிறார். இந்தக் கோபமெல்லாம் 17 முதல் 22 வரையுள்ள வசனங்களில் இருக்கிறது. வியாழன் வாசகம் 23-இல் தொடங்குகிறது.

வழிபாட்டு வாசகங்களை அமைத்தவர்களை நாம் குறை கூறவில்லை. ஓர் இரவில் எவ்வளவுதான் வாசிக்க முடியும்? ஆனால் வீட்டில் திருவிவிலியம் இருக்கிறதே. கோவிலுக்குப் புறப்படுமுன் குடும்பமாக அமர்ந்து அந்த ஆறு வசனங்களையும் வாசித்துவிட்டு வாருங்கள். கடைக்குட்டியை வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்துவிட்டு அந்தப் பிள்ளை ஏதாவது கேள்வி கேட்டால், பதில் சொல்லாமல் நழுவாதீர்கள். நம் ஊரில் கல்லறைத் தோட்டம் ஏன் இரண்டு என்று கேட்கலாம். யூத வீட்டில் பிள்ளையின் கேள்வி இல்லாமல் பாஸ்கா தொடங்குவதில்லை.

நற்செய்தி வாசகம் பாதம் கழுவும் நிகழ்ச்சி. விருந்தினரின் பாதத்தைக் கழுவுவது அடிமையின் வேலை. நாங்கள் அடிமைகளாக இருந்தோம் என்று சொல்லும் அந்தப் பாஸ்காக் காலத்தில், ஆண்டவர் எழுந்து, மேலுடையைக் கழற்றி, துண்டை இடுப்பில் கட்டி, அந்த வேலையைத் தம் கையால் செய்கிறார். மற்றவர்கள் வாயால் சொன்னதை அவர் முழங்காலில் நின்று செய்தார். பேதுருவுக்கு அது பொறுக்கவில்லை. உயர்ந்தவர் தாழ்ந்த இடத்துக்கு வந்தால், நடுவில் இருப்பவருக்குத்தான் முதலில் சங்கடம் வருகிறது.

இங்கே பங்குப் பேரவையினருக்கு ஒரு வார்த்தை. வியாழன் மாலை பீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு நாற்காலிகள் போடுவோம். அவற்றில் யார் உட்காரப்போகிறார்கள் என்று இந்நேரம் பட்டியல் எழுதியிருப்பீர்கள். 2016-இல் திருத்தந்தை பிரான்சிஸ் இந்தச் சடங்கின் விதியை மாற்றி, இறைமக்கள் எவரிலிருந்தும், பெண்களிலிருந்தும், தெரிந்தெடுக்கலாம் என்றார். அந்தப் பட்டியலை இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள். கோவில் கட்ட அதிகம் கொடுத்தவர், பேரவைத் துணைத்தலைவரின் மைத்துனர், வழக்கமாக உட்காருபவர் என்று அது நிறைந்திருக்கிறதா? கோவிலைப் பெருக்கும் அம்மாவின் பெயர் இருக்கிறதா? குழி வெட்டும் அண்ணனின் பெயர்? கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால், எப்போதும் நின்றுகொண்டே திருப்பலி காண்பவரின் பெயர்?

மறுநாள் பெரிய வெள்ளி. பத்து பெரிய மன்றாட்டுகள் சொல்வோம். ஆறாவது மன்றாட்டு யூத மக்களுக்காக. நெடுங்காலம் இந்த மன்றாட்டில் அவர்களைக் குறித்து ஒரு கடுஞ்சொல் இருந்தது. மற்ற மன்றாட்டுகளுக்கு எல்லாரும் முழந்தாளிடுவார்கள். இந்த ஒன்றுக்கு மட்டும் முழந்தாளிடமாட்டார்கள். ஐரோப்பாவின் பல ஊர்களில் புனித வாரம் வந்தாலே யூதக் குடும்பங்கள் கதவை அடைத்துக்கொண்டு இருந்தார்கள், கோவிலிலிருந்து வெளியே வரும் கூட்டத்துக்குப் பயந்து. 1955-இல் பன்னிரண்டாம் பயஸ் முழந்தாளிடுவதைத் திரும்பக் கொண்டுவந்தார். 1959-இல் புனித இருபத்து மூன்றாம் யோவான் அந்தக் கடுஞ்சொல்லை நீக்கினார். 1965 அக்டோபர் 28-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், இயேசுவின் சாவுக்கு யூத மக்கள் அனைவரையும் குற்றம் சாட்டக்கூடாது என்று அறிக்கையிட்டது. 1970-இல் மன்றாட்டு முழுவதும் புதிதாக எழுதப்பட்டது. இறைவன் முதலில் பேசிய மக்கள் என்று அவர்களை இப்போது அழைக்கிறோம். நம் திருச்சபையும் தன் வாசற்படியில் ஒரு மக்களை வெகுகாலம் உட்காரவைத்திருந்தது.

கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் 1950-களில் இஸ்ரயேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். பாலை நிலத்தில் நெவாத்திம் போன்ற ஊர்களில் பயிர் செய்து பிழைத்தார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இந்த வாரமும் அங்கே பாஸ்கா மேசையில் உட்காருவார்கள். மட்டாஞ்சேரியில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே எஞ்சினார்கள். அந்தத் தொழுகைக்கூடம் மட்டும் இருக்கிறது, நீலப்பூ வரைந்த சீன ஓடுகள் பதித்த தரையோடும், தொங்கும் கண்ணாடி விளக்குகளோடும். வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு யாரும் உள்ளே போய்ப் பெஞ்சில் உட்காரலாம்.

வெள்ளிக்கிழமை ஆறாவது மன்றாட்டுக்கு நாம் முழந்தாளிடும்போது, அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தவர்களையும் படியில் உட்கார்ந்தவர்களையும் சேர்த்தே நினைத்துக்கொள்வோம்.

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!